ஆறையும் பன்னிரண்டையும் ஜோடி சேர்த்த கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். மறதி வேறு. போன கிழமை எழுதியதில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வந்துவிட்டதாம், படித்தவர்கள் சொன்னார்கள். இந்தக் கிழமை கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன். அதனால் பிழை இன்னும் கூடலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பளி மடிக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வட்டவளைப் பக்கத்து மழையில் கம்பளி காய்வது லேசான காரியம் இல்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் வெயில் எட்டிப் பார்த்தது. கொடியில் கிடந்ததை இழுத்து, நான் ஒரு பக்க முனைகளையும் என் மருமகள் புவனா மறுபக்க முனைகளையும் பிடித்துக்கொண்டோம். எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

“என்னா புள்ள, கால்ல ஏதும் குத்திருச்சா?”

“மாமி, அசையாதீங்க. அப்படியே நில்லுங்க.”

“நிக்கிறேன். தோள்பட்டை கழண்டு போவுது.”

அவள் கம்பளியின் ஓரத்தையே பார்த்தாள். ஓரம் நெடுகிலும் ரோசாப்பூ போட்ட கம்பளி அது. “ஒன்னும் பதினொன்னும்… அஞ்சும் ஏழும்…” என்று முணுமுணுத்தாள்.

பக்கத்துக் காம்பரா, அதாவது பக்கத்து வீட்டு மரகதம் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. “என்னாங்க அக்கா, மாமியாரும் மருமகளும் போட்டோவுக்கா நிக்கிறீங்க? யாரு புடிக்கிறா?” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புவனா அதைக் காதில் வாங்கவே இல்லை.

பாஸ்போர்ட் எடுத்தாயிற்று

புவனாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விளங்காது. ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுக்கிற வேலை பார்த்தாள். வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு வகுப்பில் கொம்பியூட்டருக்குக் கட்டளை எழுதப் படித்தாள். கடையை மூடிவிட்டார்கள். என் மகன் ரவி தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் ஒருவனுடைய உழைப்பில் வீடு ஓடாது. புவனா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவானது. மெடிக்கல் முடிந்து, பாஸ்போர்ட் ஏஜென்சிக்காரர் கையில் போய்விட்டது. போனால் இரண்டு வருடம் வர முடியாது.

அப்போதுதான் கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் கம்பனி ஆள் எடுக்கிறது என்று அவளுக்குப் போனில் வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. சான்றிதழ் கேட்கவில்லை. ஒரு கணக்குக் கொடுப்பார்கள், அதைச் செய்கிற கட்டளையை எழுதி அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணி வரை தவணை. மூன்று முறைதான் அனுப்பலாம். மூன்றும் பிழையானால் கதவு மூடிவிடும்.

“இது சரிவராட்டி நான் அடுத்த கிழமை பிளேன் ஏறுறேன் மாமி. அழக்கூடாது” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அழக்கூடாது என்று சொன்னால் அழுகை வராமல் இருக்குமா?

இரண்டு மலை ஒரே நாளில்

கணக்கு இதுதான். ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். ஒன்றிலிருந்து அந்த எண் வரைக்கும் உள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணுக்கும் பொ.ம.சி. காண வேண்டும். வந்ததையெல்லாம் கூட்ட வேண்டும்.

பொ.ம.சி. எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் படித்தேன். பொது மடங்குகளில் ஆகச் சிறியது. ஆனால் அது என்னவென்று நெஞ்சில் ஏறியது கொழுந்து பறிக்கப் போன பிறகுதான்.

கோயில் மலையில் ஆறு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுப்போம். பாலத்து மலையில் எட்டு நாளுக்கு ஒருமுறை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், மறுபடி இரண்டும் ஒரே நாளில் எப்போது விழும்? அன்றைக்குத் தோட்டத்துக்கே இடுப்பொடியும்.

அப்போது ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். அவர் ஆறை எட்டால் பெருக்கி, நாற்பத்தெட்டாம் நாள் என்று முடிவு கட்டிவிட்டார். இருபத்துநாலாம் நாள் தேர். பாதிப் பெண்களுக்குத் தாராளமாக லீவு கொடுத்தார். அன்றைக்குத்தான் இரண்டு மலையும் சேர்ந்து விழுந்தன! கொழுந்து முற்றிவிடும் என்று துரை சத்தம் போட, கணக்கப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு தலையில் கூடையை மாட்டிக்கொண்டு நிரையில் இறங்கினார். கொழுந்தோடு குச்சியையும் சேர்த்து ஒடித்தார். நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டு பொதுவாக இருக்கிறது. அதனால் பெருக்கி வந்ததை இரண்டால் வகுக்க வேண்டும். இருபத்துநாலு. அவ்வளவுதான் பொ.ம.சி.

சரி, புவனாவிடம் வருகிறேன்.

பன்னிரண்டை எடுத்து அவள் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். ஒன்றுக்கும் பன்னிரண்டுக்கும் 12. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் 12. அப்படியே வரிசையாக 12, 12, 12, 12, 60, 12, 84, 24, 36, 60, 132, 12. கூட்டினால் 468.

“இவ்வளவுதானா? இதை நானே போடுவேனே” என்றேன்.

“பன்னண்டுன்னா போடலாம். அவங்க பத்து லட்சம்னு குடுப்பாங்க. அதுவும் ஒரு கேள்வியா? ஆயிரக்கணக்குல.”

வெள்ளிக்கிழமை அவள் ஒவ்வொன்றாகப் பெருக்கி, வகுத்து, கூட்டுகிற மாதிரி எழுதி அனுப்பினாள். லெப்டொப்பில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, பிறகு சிவப்பாக எழுத்து வந்தது. விடை பிழை இல்லையாம். நேரம் போதாதாம்.

முதல் வாய்ப்பு அப்படிப் போனது.

கம்பளி சொன்ன சங்கதி

இப்போது கம்பளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் அல்லவா. அதன் ஓரத்தில் பதினொரு பூ. பன்னிரண்டாவது பூ வர வேண்டிய இடத்தில் ஓரத் தையல். மடிக்கும்போது முதல் பூ பதினோராவது பூவின் மேல் உட்காரும். ஐந்தாவது ஏழாவதின் மேல்.

“மாமி, அஞ்சுக்கு அறுபது. ஏழுக்கு எம்பத்துநாலு. கூட்டுங்க.”

“நூத்தி நாப்பத்துநாலு.”

“ஒன்னுக்குப் பன்னண்டு. பதினொன்னுக்கு நூத்தி முப்பத்தி ரெண்டு.”

“அதுவும் நூத்தி நாப்பத்துநாலு!”

“பன்னண்டு பன்னண்டு நூத்தி நாப்பத்துநாலு மாமி! அஞ்சும் ஏழும் சேந்தா பன்னண்டுதானே? அஞ்சு பன்னண்டும் ஏழு பன்னண்டும் சேந்தா பன்னண்டு பன்னண்டு. ஜோடி போட்டா அஞ்சு என்னா, ஏழு என்னான்னு பாக்கவே வேணாம்!”

“அப்ப நாலும் எட்டும்?”

“அதுங்களுக்கு நாலு பொது. நூத்தி நாப்பத்துநாலை நாலால வகுங்க. முப்பத்தாறு.” கலண்டர் தாளைப் பார்த்தால் 12ம் 24ம். முப்பத்தாறேதான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்பளி கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. மறுபடியும் கொடி. மரகதம் சொன்னாள், “நல்லா மடிச்சீங்க போங்க!”

பெரட்டுக் களத்துப் பழக்கம்

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே புவனா சொன்னாள். ஜோடி எவ்வளவு என்பது அந்த ஜோடிக்குப் பொதுவாக இருக்கும் எண்ணைப் பொறுத்தது. அதனால் ஒரே பொது எண் உள்ளவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிட்டால் போதும். பன்னிரண்டோடு பொதுவாக ஒன்றும் இல்லாதவர்கள் 1, 5, 7, 11. இரண்டு பொது என்றால் 2, 10. மூன்று பொது என்றால் 3, 9. நான்கு பொது என்றால் 4, 8. பிறகு ஆறு தனி, பன்னிரண்டு தனி.

எனக்கு இது பெரட்டு மாதிரி இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற களத்தைத்தான் பெரட்டு என்போம். அங்கே ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு எந்த மலைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது ஏறிவிடும். இந்தக் கூட்டம் கோயில் மலை, அந்தக் கூட்டம் பாலத்து மலை. தலையை எண்ணினால் முடிந்தது.

“தலையை எப்புடி எண்ணுவ? பத்து லட்சம் பேரு நிக்கிறாங்களே?” என்று கேட்டேன்.

“எண்ணவே வேணாம் மாமி. பன்னண்டை ரெண்டும் மூணும்தான் உடைக்கும். ரெட்டைப்படை எல்லாம் வெளிய போங்கன்னா பாதி போயிரும். ஆறு மிச்சம். அதுல மூணால வகுபடுறது மூணுல ஒரு பங்கு, அதையும் வெளிய அனுப்பினா நாலு மிச்சம். பேரே கேக்காம ஆள் கணக்கு வந்துருச்சு.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பொதுவாக நான் திறக்கிற ஆள் இல்லை.

“ஆறும் பன்னண்டும் தனியா நிக்குதே? ரெண்டையும் ஜோடி சேத்துரு.”

எங்கள் பெரட்டில் அப்படித்தான். மலைக்கு ஒற்றையாக ஒருத்தியை அனுப்ப மாட்டார்கள், சிறுத்தை நடமாடுகிற இடம். இந்தக் கூட்டத்தில் ஒருத்தி மிஞ்சி, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மிஞ்சினால், இரண்டு பேரையும் சேர்த்துவிடுவார்கள். பேசாதவர்கள் ஆனாலும் அன்றைக்கு ஜோடி.

புவனா போட்டுப் பார்த்தாள். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஆறு பொது. 144ஐ ஆறால் வகுத்தால் 24. தாளில் இரண்டுக்கும் 12, 12. கூட்டினால் அதே 24! எல்லா ஜோடியையும் கூட்டினால் 468.

“மாமி, நீங்க கெட்டிக்காரி!” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். கை எல்லாம் பருப்பு.

பாதி எண்ணையும் கடைசி எண்ணையும் ஜோடி சேர்க்கச் சொல்லிக் கட்டளை எழுதினாள். இருபது போட்டாள், சரி. நூறு போட்டாள், சரி. சந்தோசத்தில் இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டாள்.

சிவப்பு. இந்த முறை நேரம் போதாது என்று வரவில்லை. விடையே பிழையாம்.

ஒரு வாய்ப்புத்தான் மிச்சம். ரவி வேலையால் வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். அவன் தேத்தண்ணி ஊற்றினால் வீட்டில் துக்கம் என்று அர்த்தம்.

ஒன்பது செய்த வேலை

ஞாயிறு காலையில் புவனா இட்ட சோற்றைத் தொடவில்லை. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். “பன்னண்டு, இருவது, நூறு. எல்லாம் ரெட்டைப்படையாப் பாத்துட்டோமே புள்ள. ஒத்தைப்படை ஒன்னு போட்டுப் பாரேன்.” சும்மா இருக்க முடியாமல் சொன்னதுதான்.

ஒன்பது போட்டாள். கையால் கூட்டினால் 279. கொம்பியூட்டர் 315 என்றது.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “மாமி! ஒம்பதுக்கு நடு ஆளே இல்லையே! பாதி நாலரை. மெசின் அரையைத் தூக்கி வீசிட்டு நாலைப் புடிச்சு ஒம்பதோட சேத்துருச்சு. நாலு ஏற்கனவே அஞ்சோட போயாச்சு. அதுக்கு ரெண்டு கல்யாணம்!”

மரகதம் உப்புக் கேட்டு வந்தவள், பாதியில் காதில் விழுந்து, “யாருக்கு ரெண்டு கல்யாணம்?” என்று உட்கார்ந்தே விட்டாள். நாலுக்கு என்று சொன்னோம். நம்பவில்லை. இன்றைக்கும் நாங்கள் எதையோ மறைத்தோம் என்றுதான் நினைக்கிறாள்.

நான் பயந்துபோய்க் கேட்டேன். “அப்ப ஜோடி இல்லாத ஆளை என்னா செய்றது? எங்கள மாதிரி அரைப் பேர் போட்டு அனுப்பவா முடியும்?”

கொழுந்து நிறை குறைந்த நாளில் எங்களுக்கு முழுப் பேர் கிடைக்காது, அதாவது முழு நாள் கணக்கு. பாதி நாள்தான் எழுதுவார்கள். அதுதான் அரைப் பேர்.

புவனா நிமிர்ந்தாள். “என்னா சொன்னீங்க? அரைப் பேரா? ஆமா மாமி, எல்லாருக்கும் அரைப் பேர்! ஜோடியே கட்ட வேணாம். ஜோடிக்கு நூத்தி நாப்பத்துநாலுன்னா ஆளுக்கு எழுவத்திரெண்டு. ஆறு ஒத்தையா நிக்குதா, நிக்கட்டும். இருவத்துநாலுல பாதி பன்னண்டு, அதுக்கு வர வேண்டியது அதுதான். கடைசி ஆளுக்கு மட்டும் முழுப் பேர். ஒத்தையோ ரெட்டையோ, எந்த நம்பர் குடுத்தாலும் சரி வரும்.”

“அந்தக் கடைசி ஆளுக்கு மட்டும் என்னாத்துக்கு முழுசு?” என்றாள் மரகதம் கோபமாக. அவள் யூனியனில் இருந்தவள்.

தீபாவளித் தட்டு

விடை சரியாக வந்தாலும், ஆயிரக்கணக்கான கேள்விக்கு நேரம் போதுமா என்று புவனாவுக்குச் சந்தேகம். ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகக் கூட்டம் பிரிக்காமல், எல்லா எண்ணுக்கும் முதலிலேயே ஒரே தடவையில் போட்டுவைக்க வேண்டுமாம். அதைத் தீபாவளித் தட்டு மாதிரி சொல்லி விளங்கப்படுத்தினாள்.

ஒவ்வொரு எண்ணும் ஒரு வீடு. ஒன்றாம் வீட்டுத் தட்டு எல்லா வீட்டுக்கும் போகும். இரண்டாம் வீட்டுத் தட்டு 2, 4, 6 என்று ஒன்று விட்டு ஒன்று போகும். மூன்றாம் வீட்டுத் தட்டு 3, 6, 9. தட்டில் எத்தனை முறுக்கு? அந்த வீட்டு எண்ணுக்குள் அதோடு பொது இல்லாதவர்கள் எத்தனை பேரோ, அதை வீட்டு எண்ணால் பெருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு நாலு பேர், அதனால் 48.

பன்னிரண்டாம் வீட்டுக்கு ஆறு தட்டு வரும். 1, 2, 6, 8, 12, 48. கூட்டினால் 77. கடைசி ஆளுக்கு முழுப் பேர் என்றோமே, அதற்காக இன்னும் ஒன்று. 78. இதைப் பன்னிரண்டில் பாதியால் பெருக்கினால் 468.

ஒன்பதாம் வீட்டுக்கு மூன்று தட்டு. 1, 6, 54. ஒன்றைச் சேர்த்தால் 62. ஒன்பதைப் பாதியாக்க முடியாது, 62ஐப் பாதியாக்கி ஒன்பதால் பெருக்கு. 279. அரை எங்கேயும் சிந்தவில்லை.

எனக்கு முழுதாக விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விடை வந்து நிற்கும்போது எப்படி இல்லை என்பது?

குடைக்குள்ளே

எழுதி, சின்ன எண்கள் எல்லாம் கையால் சரிபார்த்து முடிக்க மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. அன்றைய மழைக்குக் காம்பராவில் சிக்னல் போய்விட்டது. பஸ் திரும்புகிற முடக்கில்தான் கிடைக்கும். மழை கொட்டியது. அவள் லெப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் குடை பிடித்தேன். குடை லெப்டொப்புக்கு, மழை எங்களுக்கு.

எங்களைப் பார்த்து ஹட்டன் பஸ் நின்றது. “ஏறுங்கம்மா, ஏறுங்க!” என்றான் கொண்டக்டர்.

“இல்ல தம்பி, நாங்க கணக்கு அனுப்புறோம்.”

அவன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மணி அடித்தான்.

புவனா விரலை வைத்தாள், எடுத்தாள். “மாமி, நீங்க அமத்துங்க.”

“நான் மாட்டேன். என் யோசனையில ஒன்னு போனது போதும்.”

“அந்த யோசனை வராட்டி அரைப் பேரும் வந்திருக்காது. சரி, சேந்து அமத்துவோம்.”

அமத்தினோம். வட்டம் சுற்றத் தொடங்கியது. நான் அதைப் பார்க்காமல் பாலத்து மலையைப் பார்த்தேன். மழையில் மலை தெரியவில்லை, இருந்தாலும் அந்தப் பக்கம் பார்த்தேன்.

“மாமி.”

“ம்.”

“பச்சை.”

குடையைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். லெப்டொப் நனைந்தது. நல்லவேளை, கெட்டுப்போகவில்லை.

பிறகு போனில் இரண்டு முறை அவளோடு பேசினார்கள். வேலை கிடைத்தது. ரவி ஹட்டனுக்குப் போய் ஏஜென்சிக்காரரிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்தான். வரும்போது கோழி இறைச்சியும் வாங்கி வந்தான்.

இப்போது புவனா பகலெல்லாம் முன்னறையில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறாள். யாரோடோ இங்கிலீசில் பேசுகிறாள். நடுவில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் உங்களைக் கேட்கிறேன்.

அடுப்படியில் உட்கார்ந்து முப்பதுக்கு நானே போட்டுப் பார்த்தேன். முப்பது முப்பது தொளாயிரம். கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஆளுக்குப் பாதி கொடுத்து, கடைசி ஆளுக்கு மட்டும் முழுசாகக் கொடுத்துக் கூட்டினேன். 6630 வருகிறது. கூட்டலில் எனக்கு நம்பிக்கை போதாது. கணக்குத் தெரிந்த யாராவது ஒன்றிலிருந்து முப்பது வரை நேர்வழியிலேயே பொ.ம.சி. கண்டு கூட்டிப் பார்த்து, சரியா என்று ஒரு வரி எழுதுங்கள். பிழை என்றாலும் எழுதுங்கள். மருமகளுக்குத் தெரியாமல் திருத்திக்கொள்கிறேன்.